நொறுங்கிய ஜாஸ் பேஸ் மீண்டும் ஒலித்த விதம்: ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 கருவி பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் ஒன்று பழுதுபார்க்க வரும்போது, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதை எந்த நிலைக்குத் திருப்பப் போகிறோம்? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிலைக்கா, வைத்திருந்தவர் வாசித்துப் பழகிய நிலைக்கா, இன்று எடுத்து வாசித்தால் சுருதி பிசகாமல் ஒலிக்கும் நிலைக்கா? பெரும்பாலான கருவிகளில் இந்த மூன்றும் ஒரே வேலையாக முடிந்துவிடும். அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ‘ஜாஸ் பேஸ்’ மாடலில் மூன்றும் மூன்று திசையில் இழுத்தன. பேஸ் மராமத்தைப் பற்றி யோசிப்பதற்கு இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 1980களின் நடுவில் கெவின் காஃப்மன், ஜிம் ஹாமில்டன் என்ற இரண்டு கைவினைஞர்கள் இந்தக் கருவிக்குச் செய்த மராமத்து, பழங்கருவி சேகரிப்பவர்களின் அளவுகோலில் தேறாது. அசல் தோற்றம் அதில் போய்விட்டது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அதற்கான காரணங்கள் மரத்திலும் தந்தியின் இழுவிசையிலும் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே விரித்து எழுதப்போகிறேன்.

கருவியின் அமைப்பு

லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவிலுள்ள ஃபுல்லர்டனில் 1951இல் பிரசிஷன் பேஸை வெளியிட்டது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. பிரசிஷனின் கழுத்து, தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் ‘நட்’ அருகே சுமார் 44 மில்லிமீட்டர் அகலம். ஜாஸ் பேஸில் அது 38 மில்லிமீட்டர்தான். விரல்கள் வேகமாக ஓட வேண்டியவர்களுக்கு இந்த ஆறு மில்லிமீட்டர் பெரிய சலுகை. தந்தியின் நீளம் இரண்டிலும் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர்.

ஜாஸ் பேஸில், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புகள் இரண்டு. ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு பிக்கப்பிலும் இரண்டு காந்தத் துண்டுகள். ஒரு பிக்கப் கழுத்துப் பக்கமாகவும், மற்றொன்று உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு நெருக்கமாகவும் இருக்கும். பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் தந்தி அதிகம் அசைய முடியாது. அதனால் அங்கே அடிநாதம் மெலிந்து மேற்சுரங்கள் துலங்கும். ஜாக்கோ பெரிதும் நம்பியது இந்த இரண்டாவது பிக்கப்பைத்தான். வலது கை விரல்களையும் அதன் மேலேயே வைத்து வாசிப்பார்.

மராமத்து செய்பவருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்படவில்லை. பின்பக்கம் ஒரு உலோகத் தகடு, அதன் வழியாக நான்கு திருகாணிகள், அவ்வளவுதான். உற்பத்தியை எளிமையாக்க ஃபெண்டர் தேர்ந்தெடுத்த முறை இது. உடல் சிதைந்தாலும் கழுத்தைத் தனியே கழற்றிப் பத்திரப்படுத்தலாம். கழுத்து வளைந்தால் உடலைத் தொடாமலே வேலை செய்யலாம். ஒட்டிய கழுத்துள்ள கிட்டாரில் இந்த வசதி கிடையாது. அந்தக் காலத்து ஃபெண்டர் பேஸில் ட்ரஸ் ராடின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் எஃகுக் கம்பி) திருகு கழுத்தின் அடிப்பக்கத்தில் இருப்பதால், அதைத் திருப்பவே கழுத்தைக் கழற்றவோ தளர்த்தவோ வேண்டியிருக்கும். அந்த இணைப்பு பல முறை பிரிக்கப்படும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது.

முதல் மராமத்து: ஃப்ரெட் போன கழுத்து

ஜாக்கோ ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். ஃப்ரெட் (சுர இடங்களில் கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத எலெக்ட்ரிக் பேஸை ஆம்பெக் நிறுவனம் 1966இல் விற்கத் தொடங்கியது. ஃபெண்டர் 1970இல் பிரசிஷனில் அப்படியொன்றைக் கொண்டுவந்தது. ஜாஸ் பேஸின் மெல்லிய கழுத்தும் ஃப்ரெட் இல்லாத பலகையும் சேர்ந்து வேண்டுமென்றால் அந்த நாட்களில் கையால்தான் மாற்ற வேண்டும். ஃப்ரெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் ஜாக்கோவே நெம்பி எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. வாங்கும்போதே யாரோ அரைகுறையாகப் பிடுங்கியிருந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. எப்படி நடந்திருந்தாலும் மிஞ்சியது, தழும்பு விழுந்த ஒரு ரோஸ்வுட் பலகை.

ஃப்ரெட் என்பது வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும் கம்பி இல்லை. அதன் அடிப்பகுதி ஒரு மெல்லிய தகடாக மரத்துக்குள் இறங்கியிருக்கும். அந்தத் தகட்டில் சிறு முட்கள் இருக்கும். நெம்பினால் அந்த முட்கள் ரோஸ்வுட்டின் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வரும். அதோடு போகவில்லை. இருபது ஃப்ரெட்டுகளும் தத்தம் பிளவுகளில் இறுகி நின்று, கழுத்தின் முன்பக்கத்தை ஆப்பு வைத்ததுபோல் விறைப்பாக வைத்திருந்தன. அவற்றை எடுத்ததும் இருபது வெற்றுப் பிளவுகள் மிச்சம். தந்தியின் இழுவிசையில் அந்தப் பிளவுகள் மூட முயல, கழுத்து முன்னோக்கி வளையத் தொடங்கும். பிளவுகளை அடைப்பது அழகுக்கான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. கழுத்தை நிமிர்த்தி வைப்பதே அடைப்பின் முதல் வேலை.

ஜாக்கோ பிளவுகளை மரப்புட்டியால் அடைத்தார். அதன் மேல், படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி என்ற இறுகும் பிசினைப் பல அடுக்குகளாகப் பூசினார். கடலோர ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருள் அது. இதை வெறும் சமயோசிதம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. அவர் பயன்படுத்தியவை ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் வட்டக் கம்பி சுற்றிய எஃகுத் தந்திகள். அவற்றின் மேற்பரப்பு அரம்போல் இருக்கும். ஃப்ரெட் இல்லாத பலகையில் அந்தத் தந்தி நேரடியாக மரத்தின் மேல் உரசும். ஒவ்வொரு அசைவுக்கும் ரோஸ்வுட் சிறிது தேயும், சில மாதங்களில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடத்தில் சுரம் தடுமாறும். மிருதுவான தட்டைக் கம்பித் தந்தி போட்டால் மரம் பிழைக்கும், ஒலி மங்கிவிடும். ஜாக்கோவுக்கு ஒலி மங்கக் கூடாது, மரமும் பிழைக்க வேண்டும். எபாக்ஸி இரண்டையும் தந்தது. தந்திக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணாடிபோன்ற கடினத் தளம் ஒன்று உருவானது. விரல் அழுத்திய இடத்தில் தந்தியின் சக்தியை மரம் உறிஞ்சிக்கொள்வது குறைந்தது. சுரம் நீண்டு நின்றது.

கர்நாடக வயலினில் விரல் தந்தியை நேரே பலகையில் அழுத்தி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, ஃப்ரெட் இல்லாத பேஸின் குரல் அந்நியமாகத் தோன்றாது. கமகம் பிறக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஃப்ரெட் உள்ள பேஸில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறோம், சுரத்தைத் தீர்மானிப்பது உலோகம். ஃப்ரெட் போன பிறகு, முன்பு கம்பி இருந்த கோட்டின் மேலேயே விரல் நுனி நிற்க வேண்டும். ஆகவே அடைத்த பிளவுகளின் கோடுகள் கண்ணுக்குத் தெரிவது ஜாக்கோவுக்கு ஒரு வரைபடமாக உதவியது. அந்தக் கோடுகளை மறைக்கும் அளவுக்குப் பலகையை ‘அழகாக’ மாற்றியிருந்தால் கருவியின் பயன் குறைந்திருக்கும்.

1976இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தனி ஆல்பம் வந்தது. அதே ஆண்டில் அவர் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் சேர்ந்தார். உலகெங்கும் பேஸ் வாசிப்பவர்கள் தங்கள் ஃப்ரெட்டுகளைப் பார்த்து யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். தொழிற்சாலை நிலை என்ற கோட்டை இந்தக் கருவி அதற்கு வெகு முன்பே தாண்டிவிட்டது. பிக்கப்புக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் காப்புத் தகட்டையும் ஜாக்கோ கழற்றிவிட்டிருந்தார். படங்களில் அதன் திருகாணி ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரியும்.

சிதைவு

1982இல் ஜாக்கோவுக்கு இருமுனை மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகள் அவருக்கும் அவரை நேசித்தவர்களுக்கும் மிகக் கடுமையானவை. அந்தக் காலத்தில்தான் இந்த பேஸ் பல துண்டுகளாக உடைந்தது. அந்த நிலையில் அது காஃப்மனிடமும் ஹாமில்டனிடமும் போய்ச் சேர்ந்தது.

இங்கே அவர்களுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. புதிதாக ஒரு ஆல்டர் மர உடலை அறுத்து, பழைய கழுத்தையும் பிக்கப்புகளையும் அதில் பொருத்திவிடலாம். நான்கு திருகாணிக் கழுத்து அதற்கு இடம் கொடுக்கும். வேலை சீக்கிரம் முடியும், உறுதியிலும் சந்தேகம் இருக்காது. ஆனால் அது ஜாக்கோவின் பேஸாக இருக்காது. இருவரும் உடைந்த துண்டுகளையே சேர்த்தார்கள். சேர்த்த உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் ரேகையோடிய மேப்பிள் வெனீரை, அதாவது மெல்லிய மரத்தகட்டை, ஒட்டிப் போர்த்தினார்கள்.

ஏன் வெனீர்

மரம் உடையும் விதம் இரண்டு. நார் ஓடும் திசையில் பிளந்தால் இரண்டு பரப்புகளும் சுத்தமாக இருக்கும். நல்ல பசையிட்டு இறுக்கினால் அந்த இணைப்பு பக்கத்து மரத்தைவிடவும் பலமாக நிற்கக் கூடும். நாருக்குக் குறுக்கே முறிந்தால் கதை வேறு. நார்கள் இழை இழையாகப் பிய்ந்து, துணுக்குகள் தெறித்துப் போயிருக்கும். திரும்பச் சேர்க்கும்போது ஆங்காங்கே வெற்றிடம் விழும். நாரின் முனையும் முனையும் சந்திக்கும் இடத்தில் பசை பலவீனமாகவே பிடிக்கும். கோபத்திலோ வேதனையிலோ அடித்து நொறுக்கப்பட்ட கருவியில் இரண்டு வகை முறிவும் கலந்துதான் இருக்கும்.

இப்போது சுமையைப் பார்க்க வேண்டும். பேஸின் நான்கு தந்திகளும் சுருதி சேர்த்த நிலையில் மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவிசை பிரிட்ஜில் தொடங்கி, உடலின் நடுவழியே ஓடி, கழுத்துக் குழியில் போய் முடிகிறது. பிரிட்ஜை உடலோடு பிடித்திருப்பவை சில மரத்திருகாணிகள் மட்டுமே. ஒட்டிய முறிவுக் கோடு ஒன்று இந்தப் பாதையின் குறுக்கே வந்தால், இரவும் பகலும் அந்த எடை அதைப் பிரிக்கப் பார்க்கும். சாதாரண வெள்ளைப் பசை இப்படிப்பட்ட நிரந்தரச் சுமையில் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும். முதல் நாள் உறுதியாக இருக்கும் கருவி, ஒரு வருடத்தில் சுருதி நிற்காத கருவியாகிவிடும்.

வெனீரின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பலகையை வளைக்கும்போது நடுப்பகுதியில் ஏறக்குறைய எந்தத் தகைவும் இருக்காது. ஒரு பக்கத்து வெளிப்பரப்பு அதிகமாக இழுபடும், மறுபக்கம் அதிகமாக நசுங்கும். ஆகவே ஒட்டுப்போட்ட உடலுக்கு வலுவூட்ட மிகவும் பயனுள்ள இடம் அதன் வெளித்தோல். ஜாஸ் பேஸின் உடல் சுமார் 44 மில்லிமீட்டர் தடிமன். அதன் இரு புறமும் நார் முறியாத புதிய மேப்பிள் தகடு ஒன்று தொடர்ச்சியாக ஒட்டப்பட்டால், உள்ளே எத்தனை துண்டுகள் இருந்தாலும் வளைவை எதிர்ப்பது அந்த இரண்டு தோல்களே. விமானங்களிலும் படகுகளிலும் மெல்லிய தோல்களுக்கு நடுவே இலேசான பொருளை வைத்துக் கட்டும் முறையும் இதே கணக்கில் இயங்குகிறது. மேப்பிள், ஆல்டரைவிடக் கடினமான மரம். வெளியே நிற்க வேண்டியது அதுதான்.

உள்ளிருந்தே வலுவூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். மரக்குச்சிகளை ஊடே செலுத்தலாம், எஃகுத் தகடு பதிக்கலாம். அப்படிச் செய்தால் வெளித்தோற்றம் தப்பும். ஆனால் ஒவ்வொரு ஆணிக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் எஞ்சியிருக்கும் பழைய மரத்தைத் துளைக்க வேண்டும். ஏற்கெனவே முறிந்த உடலில் அது புதிய காயம். வெனீர் பழைய மரத்தில் ஏறக்குறைய எதையும் வெட்டுவதில்லை. ஜாக்கோவின் துண்டுகள் அத்தனையும் உள்ளே அப்படியே இருக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

விலை இல்லாமலும் இல்லை. வெனீர் போர்த்தியதும் பிக்கப் குழிகளையும், கட்டுப்பாட்டுக் குமிழ்களின் குழியையும், கழுத்துக் குழியையும் விளிம்பு பிசிறாமல் மீண்டும் திறக்க வேண்டும். பிரிட்ஜின் திருகாணி இடங்களை 864 மில்லிமீட்டர் அளவுக்குச் சரியாகக் குறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நிகழும். சாதாரணமாக வெனீரின் தடிமன் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பிரிட்ஜ் அதன் மேல் உட்காரும், கழுத்தோ பழைய குழியின் அடியில்தான் உட்காரும். பிரிட்ஜ் அரை மில்லிமீட்டர் உயர்ந்தால், பன்னிரண்டாம் இடத்தில் தந்தியின் உயரம் அதில் பாதி கூடும். கால் மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஃப்ரெட் இல்லாத பேஸில் தந்தி பலகையை மிக நெருங்கி ஓடினால்தான், அதிரும்போது பலகையை மெல்லத் தழுவி அந்த ஏங்கும் குரல் எழும். அந்த வேறுபாட்டை ஜாக்கோவின் விரல் உடனே கண்டுபிடித்துவிடும். பிரிட்ஜின் சிறு தாங்கிகளைத் தாழ்த்தியோ கழுத்தின் அடியில் ஒரு மெல்லிய சீவலை வைத்தோ இதை ஈடுகட்டுவது வழக்கம்.

மின்பகுதியில் அதிகம் சொல்ல இல்லை. ஜாஸ் பேஸின் சுற்று மிக எளியது: இரண்டு ஒலிக் குமிழ், ஒரு தொனிக் குமிழ், ஒரு கெபாசிட்டர், ஒரு வெளியீட்டு ஜாக். பிக்கப்பில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி 0.06 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. அடிபட்ட கருவியில் முதலில் சோதிக்க வேண்டியது அதுதான். மீட்டரில் சுமார் 7 கிலோ ஓம் காட்டினால் கம்பி உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அசல் சுருள் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றவே கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன்.

தொலைந்ததும் திரும்பியதும்

மராமத்துக்குப் பிறகு ஜாக்கோ அதே பேஸை மறுபடி மேடையில் வாசித்தார். அதிக நாள் நீடிக்கவில்லை. 1986இல் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஸ்கொயர் பார்க்கில் அது திருடுபோனது. 1987 செப்டம்பர் 21 அன்று, 35 வயதில், ஃபோர்ட் லாடர்டேலில் ஜாக்கோ இறந்தார். அவர் இருந்தவரை கருவி திரும்பக் கிடைக்கவே இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல், அது நியூயார்க்கில் மீண்டும் தென்பட்டது. 1962 ஜாஸ் பேஸ்கள் உலகில் பல இருக்கின்றன. ஃப்ரெட் பிடுங்கியவையும் இருக்கின்றன, அவற்றில் பலவும் ஜாக்கோவைப் பார்த்துப் பிடுங்கியவையே. ஆனால் முன்னும் பின்னும் ரேகையோடிய மேப்பிள் போர்த்தி, அதனடியில் துண்டுகளாக ஒட்டிய ஆல்டர் உடலோடு எந்தத் தொழிற்சாலையும் ஒரு ஜாஸ் பேஸை வெளியிட்டதில்லை. புதிய உடலைப் பொருத்தியிருந்தால், திருடியவர் கழுத்தையும் உடலையும் பிரித்து இரண்டாக விற்றிருக்கலாம். யாரும் அடையாளம் சொல்ல முடியாமல் போயிருக்கும். சேகரிப்பவர்கள் குறையாகப் பார்க்கும் அதே மராமத்து, வேறு எந்தக் கருவியோடும் குழப்ப முடியாத அடையாளத்தை இதற்குக் கொடுத்துவிட்டது.

2010இல் மெட்டாலிக்கா குழுவின் பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவ, கருவி பாஸ்டோரியஸ் குடும்பத்தின் பக்கம் திரும்பியது.

இனி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

திரும்பி வந்த கருவியை முன்னிட்டு எழக்கூடிய யோசனைகள் மூன்று. வெனீரை உரித்து, உடலை 1970களின் தோற்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது ஒன்று. பழங்கருவிச் சந்தையின் கணக்கும் இதைத்தான் தூண்டும். மறுபூச்சு கண்ட கருவியின் விலை, அசல் பூச்சோடு இருப்பதில் பாதிக்கு இறங்கிவிடும் என்பது அங்கே வழங்கும் பொது விதி. ஆனால் வெனீரை உரித்தாலும் 1962இன் பூச்சு அடியில் காத்திருக்காது. வெனீர் ஒட்ட வேண்டுமானால் மரத்தின் மேல் பூச்சு இருக்கக் கூடாது. சூடும் ஈரமும் காட்டி உரித்தால் அடியிலிருக்கும் பழைய ஒட்டுகளும் விட்டுக்கொடுக்கும். தாங்கி நிற்கும் தோலை எடுத்துவிட்டு, மீண்டும் துண்டுகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

பலகையில் புதிய ஃப்ரெட் போட்டு 1962இன் தொழிற்சாலை நிலைக்குப் போவது இரண்டாவது யோசனை. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இந்தக் கருவியை இந்தக் கருவியாக்கியதே ஃப்ரெட் இல்லாத அந்தப் பலகைதான்.

மூன்றாவதுதான் உண்மையில் கடினமானது: எபாக்ஸி. எஃகுத் தந்தியின் கீழே எபாக்ஸியும் தேயும், மரத்தைவிட மெதுவாக, ஆனால் தேயும். தடம் ஆழமாகி அடியிலிருக்கும் ரோஸ்வுட்டைத் தொடும் நாள் வந்தால், பழைய பூச்சைச் சமன் செய்து புதிய அடுக்கு பூச வேண்டும். வாசிப்பவர்களின் கருவிகளில் இதைத் தயங்காமல் செய்கிறோம், செய்யவும் வேண்டும். இந்தப் பலகையில் அப்படித் தேய்த்தால் ஜாக்கோவின் விரல் நின்ற தடங்களும் தூளாகப் போகும். தட்டைக் கம்பித் தந்தி மாட்டினால் தேய்மானம் ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் அப்போது கேட்பது அவருடைய ஒலியாக இருக்காது. என்னிடம் கேட்டால், வட்டக் கம்பித் தந்தியே இருக்கட்டும் என்பேன். கருவி சும்மா இருக்கும் காலத்தில் சுருதியை ஓரிரு சுரம் இறக்கி வைத்துக் கழுத்தின் சுமையைக் குறைக்கலாம். வாசிக்கும் நேரத்தை அளந்து கொடுக்கலாம். பள்ளம் ரோஸ்வுட்டைத் தொடும்வரை பலகையில் உப்புத்தாள் படக் கூடாது.